வாளும் கட்டளையும்: ‘சேக்கிரோ’ பற்றிச் சில குறிப்புகள்

‘சேக்கிரோ’ என்ற யப்பானிய வீடியோ விளையாட்டு 2019 மார்ச் 22ஆம் திகதி வெளிவந்தது. ரோக்கியோவிலுள்ள புறொம்சொவ்ற்வெயர் நிறுவனம் தயாரித்த இதனை ஹிடெடாகா மியாசாகி நெறியாள்கை செய்திருந்தார். வெளிவந்த பத்து நாட்களுக்குள் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. 2023 செப்ரெம்பர் அளவில் அந்தத் தொகை ஒரு கோடியை எட்டியது. 2019 டிசெம்பரில், அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான ‘கேம் அவார்ட்ஸ்’ விருதும் இதற்கே கிடைத்தது. இவையெல்லாம் வணிகச் செய்திகள். எமக்கு வியப்பைத் தருவது வேறு. இவ்வளவு பேர் விரும்பி வாங்கிய இந்த விளையாட்டு, வாங்கியவரை ஈவிரக்கமின்றித் தோற்கடிப்பது. ஒரே எதிரியிடம் முப்பது நாற்பது தடவை சாவது இதில் சாதாரணம். இலகு, நடுத்தரம், கடினம் என்ற தெரிவுகள் கிடையா. நாள் முழுக்க வேலைசெய்து களைத்த ஒருவர், காசு கொடுத்து வாங்கிய ஒன்றிடம் இரவில் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார். மறுநாளும் அதற்காகவே வந்து குந்துகிறார். இது ஏன்?

‘கடைசியில் வெல்லும்போது வருகிற சந்தோசத்துக்காக’ என்பதே வழமையான பதில். அது பாதிப் பதில்தான் என்பது எமது எண்ணம். வெற்றியின் மகிழ்ச்சி சில நொடிகள். அதற்கு முந்திய தோல்விகள் பல மணித்தியாலங்கள். அந்த மணித்தியாலங்களில் ஏதோ ஒன்று நடக்காவிட்டால், சில நொடிகளுக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள். அது என்ன என்பது ஒரு கேள்வி. அந்த ஈர்ப்பைப் பற்றி இந்த விளையாட்டே என்ன நினைக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் எமக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் சேக்கிரோ, தான் தருகிற இன்பத்தைத் தானே சந்தேகிக்கிற ஒரு படைப்பு.

*

முதலில் கதையைச் சொல்லிவிடுவோம். அறியாதவர்களுக்கு அது தேவை.

கதை நடப்பது செங்கோக்கு காலத்தின் இறுதியில். 1467இல் தொடங்கிய ஓனின் போருக்குப் பின் யப்பான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரபுக்களின் சண்டைக்களமாக இருந்தது. 1600இல் செக்கிகஹாராவில் தோகுகவா இயேயசு வென்றதோடு அந்தக் காலம் முடிவை நெருங்கியது எனலாம். அஷினா என்ற பெயரில் ஒரு குலம் ஐசுப் பகுதியில் உண்மையாகவே இருந்தது. 1589இல் டாத்தே மசமுனேயிடம் தோற்று அது தன் நிலத்தை இழந்தது. விளையாட்டில் வருகிற அஷினா அதுவல்ல. பனிமலைகளுக்கு நடுவே கற்பனையாக அமைக்கப்பட்ட ஒரு சிறு நாடு அது. இருபது ஆண்டுகளுக்கு முன் இஷ்ஷின் என்ற வாள்வீரர் கலகம் செய்து மீட்ட நாடு. இப்போது அவர் கிழவராகி நோயில் விழுந்துவிட்டார். மத்திய அரசின் படைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. நாட்டின் ஆயுள் முடிந்துகொண்டிருப்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

இஷ்ஷினின் வளர்ப்புப் பேரன் கெனிச்சிரோ, நாட்டைக் காப்பாற்ற எதையும் செய்யத் தயாராக இருக்கிறான். குரோ என்ற சிறுவனின் இரத்தத்தில் சாகாவரம் இருக்கிறது. அதைக் கைப்பற்றிச் சாகாத படையொன்றை உண்டாக்குவது கெனிச்சிரோவின் திட்டம். சிறுவனுக்குக் காவலாக இருப்பவன், ஓநாய் என்று அழைக்கப்படும் ஒரு ஷினோபி. மறைந்து நின்று கொல்லப் பழக்கப்பட்டவன். சின்ன வயதில் போர்க்களத்தில் பிணங்களுக்கிடையே நின்ற அவனை, ஆந்தை என்ற மூத்த ஷினோபி எடுத்து வளர்த்தான். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கெனிச்சிரோ ஓநாயின் இடக்கையை வெட்டிவிட்டுச் சிறுவனைக் கொண்டுபோய்விடுகிறான். சேக்கிரோ என்ற பெயருக்கே ஒற்றைக்கை ஓநாய் என்றுதான் பொருள். பாழ்கோயில் ஒன்றில் புத்தர் சிலை செதுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர் அவனுக்கு ஒரு செயற்கைக் கையைப் பொருத்திவிடுகிறார். அதன் பிறகு அவன் சிறுவனைத் தேடிப் போகிறான்.

அந்த முதற் சண்டையில் ஆடுபவர் பெரும்பாலும் தோற்பார். கெட்டித்தனமாக ஆடி வென்றுவிட்டாலும் ஒரு சூழ்ச்சியால் கை போயே தீரும். முதற் தோல்வியைத் தவிர்க்க இங்கே வழியில்லை. பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது.

*

வாள்சண்டை விளையாட்டுக்களில் வழமையாக எதிரிக்கு ஓர் உயிர்க்கோடு இருக்கும். அடிக்க அடிக்க அது குறையும். முடிந்தால் ஆள் முடிந்தான். விறகு கொத்துவது போன்ற வேலை. சேக்கிரோவில் உயிர்க்கோட்டோடு இன்னொரு கோடும் உண்டு. யப்பானிய மொழியில் அதற்கு ‘தைக்கான்’ என்று பெயர். உடலை நிமிர்த்தி வைத்திருக்கும் நடுப்பகுதியைக் குறிக்கும் சொல். நாம் அதை ‘நிலை’ என்று சொல்லலாம். நிலைகுலைதல் என்ற சொல் எம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எதிரியின் வாள் வந்து படுகிற அந்தக் கணத்தில் எமது வாளால் அதைத் தட்டிவிட்டால் அவனுடைய நிலை குலைகிறது. பொத்தானை முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் அடி தடுபடும். ஆனால் எமது நிலை குலையும். பிந்தினால் வெட்டு விழும். பதறிப்போய் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினாலோ, சரியாகத் தட்டுவதற்குரிய கணம் மேலும் சுருங்கிவிடும். நிலைக்கோடு நிறைந்ததும் எதிரி ஒரு கணம் திறந்து நிற்பான். அப்போது ஒரே குத்து. அவனுடைய உயிர்க்கோட்டில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கணக்கில்லை. பெரிய எதிரிகளை இப்படி இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் பின்வாங்கினால் எதிரி மூச்சுவாங்கித் தன் நிலையை மீட்டுக்கொள்வான். எனவே பயந்து விலகுபவரை இந்த விளையாட்டு தண்டிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பாய்பவரையும் தண்டிக்கிறது. வாளின் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடியவரைத்தான் அது ஏற்றுக்கொள்கிறது.

வாள்சண்டையை விளையாட்டாக்குவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. உண்மையில் வாள் ஒரு தடவை ஆழமாகப் பட்டாலே போதும். அகிரா குரோசாவாவின் ‘சன்ஜூரோ’ (1962) படத்தில் இறுதிச் சண்டை, இருவரும் அசையாமல் நெடுநேரம் நின்றபின் ஒரே வீச்சில் முடிந்துவிடுவதைப் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். 1997இல் பிளேஸ்ரேசனுக்கு வந்த ‘புஷிடோ பிளேட்’ அந்த உண்மையை அப்படியே எடுத்துக்கொண்டது. சரியாக விழுந்த ஒரு வெட்டில் ஆள் சாவான். துணிச்சலான முயற்சிதான், ஆனால் சண்டை சூடுபிடிக்கும் முன்பே முடிந்துவிடும். சேக்கிரோ வேறொரு வழியைக் கண்டது. வெட்டு விழாமல் நீளும் நேரத்தையே அது சண்டையாக்கியது. இரண்டு வாள்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அதனால் இந்தச் சண்டை காதுக்கும் உரியதாகிறது. சரியாகத் தட்டிய அடிக்கு ஒரு கூர்மையான ஓசையும் பெரிய தீப்பொறியும் உண்டு. வெறுமனே தடுத்த அடியின் ஓசை மந்தமானது. எதிரியின் வீச்சுக்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதுமில்லை. இரண்டு கெதியாக, ஒன்று பிந்தி, பிறகு மூன்று கெதியாக என்று அவை மாறும். எமது ஊர்த் திருவிழாக்களில் தவிற்சமா கேட்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முதலில் கேட்கத் தெரிய வேண்டும்.

*

தொடக்கத்தில் வரும் எதிரிகளைச் சுற்றிச்சுற்றி ஓடி, முதுகில் வெட்டி எப்படியோ சமாளித்துவிடலாம். அஷினாக் கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ மறுபடியும் எதிரே நிற்கும்போது அந்தத் தந்திரங்கள் செல்லுபடியாவதில்லை. இந்த விளையாட்டைக் கைவிடுபவர்களில் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். நின்று பழகுபவர்களுக்கோ விளையாட்டு உண்மையில் தொடங்குவதே இங்கேதான்.

மியாசாகியின் முந்திய படைப்பான ‘டார்க் சோல்ஸ்’ (2011) விளையாட்டில் ஒரு வழி அடைபட்டால் வேறு வழிகள் இருந்தன. ஆயுதத்தை மாற்றலாம், சிறிய எதிரிகளைக் கொன்று வலிமையைக் கூட்டிக்கொண்டு வரலாம், இணையத்தின் மூலம் இன்னொருவரை உதவிக்கு அழைக்கலாம். சேக்கிரோவில் அவை கிடையா. முதலிலிருந்து கடைசிவரை ஒரே வாள். செயற்கைக் கையில் வெடி, கோடரி, குடை என்று சில கருவிகள் உண்டு. அவை துணைக்கு மட்டும். வலிமை கூடுவதும் மெதுவாக, அளந்து கொடுத்தது போலத்தான். ஆகவே நாற்பதாவது தடவை கெனிச்சிரோ விழும்போது அவனிடமோ ஓநாயிடமோ பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மாறியிருப்பது கொன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கைகளும் கண்களும்தான்.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். தடுக்கமுடியாத அடி ஒன்று வரும்போது ஓநாயின் தலைக்கு மேல் ‘ஆபத்து’ என்று பொருள்படும் சிவப்பு எழுத்தொன்று தோன்றும். ஆனால் அந்த ஒரே எழுத்து மூன்று வேறு அடிகளுக்குப் பொதுவானது. காலை நோக்கிய வீச்சென்றால் மேலே துள்ள வேண்டும். கட்டிப்பிடிக்க வந்தால் விலகி ஓட வேண்டும். நேரே நெஞ்சுக்குக் குத்து வந்தால், அந்த வாளை நோக்கியே ஓர் அடி முன்னால் வைத்து அதைக் காலால் மிதித்து அழுத்த வேண்டும். எழுத்தை வாசித்தால் மட்டும் போதாது. எதிரியின் தோளையும் காலையும் வாசிக்க வேண்டும். குத்தவரும் வாளை நோக்கி முன்னேறுவது உடம்பின் இயல்புக்கே மாறானது. முதல் இருபது தடவையும் கை பின்னாலேதான் இழுக்கும். பிறகு ஒரு நாள், எப்படியென்று தெரியாமலே கால் முன்னே போய்விடும். தோல்விகள் நிறைந்த அந்த மணித்தியாலங்களில் நடப்பது இதுதான். பயம் கொஞ்சங்கொஞ்சமாகக் கவனமாக மாறுகிறது. நீச்சல் பழகியவர்களும் வாத்தியம் பழகியவர்களும் இந்த மாற்றத்தை அறிவார்கள். இந்த விளையாட்டின் ஈர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

இதைக் கற்பிப்பதற்காகப் பாழ்கோயில் முற்றத்தில் ஹன்பேய் என்ற ஒருவன் நிற்கிறான். அவனுக்குச் சாவு இல்லை. எத்தனை தடவை வெட்டினாலும் எழுந்துவிடுவான். ‘என்னை வெட்டிப் பழகு’ என்று அவனே தன்னைக் கொடுக்கிறான். வசதியான ஏற்பாடுதானே என்று தோன்றும். பேச்சுக்கொடுத்தால்தான் அவன் சாக முடியாமல் தவிப்பவன் என்பது தெரியவரும். சாகாதவரையும் கொல்லக்கூடிய வாள் ஓநாயின் கைக்கு வந்தபின், தன்னை முடித்துவிடும்படி அவன் கேட்கலாம். இத்தனை நாளும் பயிற்சிக்கென்று எண்ணி வெட்டிய உடம்பு ஒரு மனிதனுடையது என்பதை அப்போது நாம் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

இந்த இடத்திலிருந்துதான் விளையாட்டின் இரண்டாவது முகம் தெரியத் தொடங்குகிறது.

புத்தர் சிலை செதுக்கும் கிழவரிடம் திரும்புவோம். அவர் செதுக்கும் புத்தர்கள் எல்லோருக்கும் கோப முகமே வருகிறது. சாந்தமான ஒரு முகத்தை அவருடைய உளியால் கொண்டுவர முடியவில்லை. ஒரு காலத்தில் அவரும் ஷினோபியாக இருந்தவர். எண்ணற்றோரைக் கொன்று, கொலையின் சுவையில் தன்னை இழக்கப் போன நேரத்தில் இஷ்ஷின் அவருடைய கையை வெட்டி அவரைத் தடுத்தார். அப்படித் தன்னை இழந்தவனை இந்த விளையாட்டு ‘ஷுரா’ என்று அழைக்கிறது. எமக்குத் தெரிந்த அசுரன் என்ற சொல்தான் அது. பௌத்தத்தோடு யப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இங்கே அசுரன் என்பவன் பிறப்பால் வேறு இனத்தவனல்ல. எதற்காகக் கொல்லத் தொடங்கினோம் என்பதை மறந்து, கொல்வதிலுள்ள மகிழ்ச்சி மட்டும் மிஞ்சிப்போன மனிதன்.

இதைக் கேட்கும்போது ஆடுபவர் சற்றுத் திடுக்கிட வேண்டும். ஏனெனில் இருபது முப்பது மணித்தியாலமாக இந்த விளையாட்டு எமக்குள் வளர்த்துவந்தது அந்த மகிழ்ச்சியைத்தான். யோசிக்காமலே கை வேலைசெய்கிற சுகம். வாள் சரியாகப் பட்டால் எழுகிற ஓசை. இறுதிக் குத்தில் பீறிடும் இரத்தம். சிறுவனைக் காப்பாற்ற வந்தோம் என்பது நடுவில் எத்தனை தடவை ஞாபகத்தில் இருந்தது?

அந்தச் சந்தேகத்தை விளையாட்டு ஒரு தெரிவாகவும் முன்வைக்கிறது. கெனிச்சிரோவோடு சண்டையிட்ட அதே கோட்டை உச்சியில், இறந்துவிட்டதாக எண்ணியிருந்த வளர்ப்புத் தந்தை ஆந்தை உயிரோடு வந்து நிற்கிறான். ஷினோபிகளுக்கென்று ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதன்படி தந்தையின் சொல் எல்லாவற்றுக்கும் மேலானது. தலைவனைக் காப்பது அதற்கு அடுத்தபடிதான். அந்தச் சட்டத்தை நினைவூட்டி, குரோவைக் கைவிடு என்று ஆந்தை கட்டளையிடுகிறான். கீழ்ப்படிவதா, சட்டத்தை உடைப்பதா என்பதை ஆடுபவர் தெரிவுசெய்ய வேண்டும்.

கீழ்ப்படிந்தால், கதை முழுக்கத் துணையாக நின்ற எம்மா என்ற பெண் மருத்துவரை முதலில் கொல்ல வேண்டும். பிறகு நோயாளியான கிழவர் இஷ்ஷினை. அவை முடிந்ததும் ஓநாய், கட்டளையிட்ட தந்தையையும் கொன்றுவிடுகிறான். அவனிடம் நோக்கம் எதுவும் மிச்சமில்லை. அந்த நிலத்தில் பல ஆண்டுகளுக்கு ஓர் அசுரன் உலாவியதாகச் சொல்லி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் இருந்த இடங்களும் எதிரிகளும் அவருக்குக் கிடைப்பதில்லை. கீழ்ப்படிவின் பாதை இந்த விளையாட்டில் குறுகிய பாதை.

மறுத்தால் தந்தையோடு சண்டையிட வேண்டும். வெடி, நஞ்சுப் புகை என்று எல்லாவிதச் சூழ்ச்சியும் கற்றவன் அவன். எமக்குக் கற்பித்தவனும் அவனே. அவனை வென்றபின் ஓநாய் குரோவிடம் சொல்வதன் சாரம், தான் எந்த நெறிக்குக் கட்டுப்படுவது என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பது. ஆட்டம் முழுக்க ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் பேசாதவன் சொல்வதால் அது பிரசங்கமாகத் தோன்றவில்லை.

*

சாமுராய் நெறியின் பொய்மையை யப்பானியக் கலைஞர்கள் கேள்விக்குட்படுத்துவது புதிதல்ல. மசாகி கொபயாஷியின் ‘ஹரகிரி’ (1962) திரைப்படம் அதை ஈவிரக்கமின்றிச் செய்தது. ஆனால் சினிமாவில் நாம் பார்வையாளர்கள். இங்கே வாள் எமது கையில் இருக்கிறது, தெரிவும் எம்முடையது. ஒரு விளையாட்டால் மட்டுமே செய்யக்கூடிய விமர்சனம் இது.

ஆயினும் இந்த விமர்சனம் முழுமையானது என்று சொல்லமுடியாது. விளையாட்டு தானே தொடங்கிய சிந்தனையை இரண்டு இடங்களில் கைவிட்டுவிடுகிறது என்பது எமது அபிப்பிராயம்.

ஒன்று, சாவின் விலை. ஓநாய் செத்தாலும் குரோவின் இரத்தத்தால் எழுந்துவிடுவான். அப்படி எழுவதற்கான உயிர் மற்றவர்களிடமிருந்து எடுக்கப்படுகிறது. ஆடுபவர் திரும்பத் திரும்பச் செத்தால், கதையில் வருகிறவர்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்குகிறார்கள். யப்பானிய மூலத்தில் இந்த நோயின் பெயரே ‘ட்ராகன் இருமல்’ என்று பொருள்படுவது. ஓநாயைத் தன் மகனென்று எண்ணி, அவன் கையில் ஒரு மணியைக் கொடுத்துப் புத்தருக்குக் காணிக்கை வைக்கச் சொல்கிற மூதாட்டி ஒருத்தி இருக்கிறாள். அடுத்த தடவை போகும்போது அவள் இருமிக்கொண்டிருப்பாள். எமது பயிற்சிக்கான செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்ற இந்தக் கற்பனை மிக ஆழமானது. போர்வீரரின் வளர்ச்சியைப் பாடும் கதைகள் இதைப் பேசுவதேயில்லை. ஆனால் விளையாட்டு இதைத் துணிந்து கொண்டுசெல்லவில்லை. நோயுற்றவர்கள் இருமுகிறார்கள், அதனால் எவரும் சாவதில்லை. ஒரு மருந்தைப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் ஒரேயடியாகச் சுகமாகிவிடுகிறது. ஆடுபவர் சினந்து விளையாட்டை விட்டுவிடுவார் என்ற வணிகப் பயம் இங்கே கலைஞரின் கையைப் பிடித்திருக்கலாம். மூதாட்டி உண்மையில் செத்திருந்தால் அடுத்த சண்டைக்கு நாம் எப்படிப் போயிருப்போம்?

இரண்டாவது, பெயரில்லாத படைவீரர்கள். ஒளிந்து நின்றால் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது கேட்கும். கேட்டுவிட்டுக் கழுத்தை அறுக்கலாம். பிறகு சிலையொன்றின் முன் ஓய்வெடுத்தால் அவர்கள் எல்லோரும் பழையபடி அதே இடத்தில் நிற்பார்கள். இந்த வசதி ஆடுபவரின் மனச்சாட்சியைக் கழுவிவிடுகிறது. தந்தையின் கட்டளையை மறுத்தவனும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றுதான் அந்த இடத்துக்கு வருகிறான். கட்டளையை மீறியதால் மட்டும் அவன் அசுரனாகாமல் தப்பிவிடுகிறானா? நோக்கம் நல்லதென்றால் எண்ணிக்கை பொருட்டில்லையா? சிலை செதுக்கும் கிழவரின் கதை, இல்லை என்கிறது. கொலை செய்த பழைய காலத்தின் வெறுப்பு முழுவதும் உள்ளே சேர்ந்து, கடைசியில் எரியும் போர்க்களத்தில் அவர் நெருப்புப் பேயாக மாறிவிடுகிறார். எமக்குக் கை தந்தவரை நாமே கொல்ல நேர்கிறது. ஆனால் அந்தச் சண்டையும் தவிர்த்துவிட்டுப் போகக்கூடிய ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மிகக் கசப்பான உண்மையை ஓர் ஓரத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

*

கடினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விளையாட்டு வெளிவந்த 2019இலேயே, இதற்கு ஓர் இலகு நிலை தேவையா என்று பெரிய வாதம் நடந்தது. கடினம் இந்தப் படைப்பின் பொருளோடு பிணைந்தது என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். பயம் கவனமாக மாறுவதைக் காட்ட, முதலில் பயப்படுத்த வேண்டும். அதை நாம் ஏற்கிறோம். ஆனால் கைவிரல்கள் சுகமில்லாதவர்களும் கண்பார்வை குறைந்தவர்களும் இந்தப் படைப்பை அறிய விரும்பினால் என்ன செய்வது? தட்டுவதற்குரிய கணத்தைச் சற்று நீட்டிக்கொடுத்தால், அவர்களுக்கும் அதே பயமும் அதே கவனமும் வாய்க்கும். ஆட்டத்தை மேலும் கடினமாக்கிக்கொள்வதற்கு இந்த விளையாட்டே வழிவைத்திருக்கிறது. ஒரு பேய்மணியை அடித்தால் எதிரிகள் பலமடைவார்கள். இரண்டாம் தடவை ஆடும்போது குரோ தந்த தாயத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டால், சரியாகத் தட்டாத ஒவ்வொரு அடியும் உயிரைக் குறைக்கும். கதவை ஒடுக்கிக்கொள்ள முடிகிறபோது அகலமாக்க மட்டும் முடியாது என்பது கலையின் தேவையாகத் தெரியவில்லை.

அந்த வாதத்தில் எம்மை உறுத்தியது சில வெற்றியாளர்களின் தொனி. ‘நாங்கள் பட்டுத்தானே வந்தோம், நீங்களும் படுங்கள்.’ பட்ட துன்பத்தையே ஒரு தகுதிச் சான்றிதழாக நீட்டுகிற இந்தக் குரல் அகதி வாழ்விலும் கேட்காத குரலல்ல. முந்தி வந்தவர் பிந்தி வந்தவரிடம் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறோம். சேக்கிரோ அந்தக் குரலுக்கு இடம்கொடுக்கிற படைப்பல்ல. அதன் இறுதி எதிரி, மீண்டும் இளமையோடு எழுப்பப்பட்ட இஷ்ஷின். வாளின் ஞானி என்று பெயர்பெற்றவர், வாளோடு ஈட்டியையும் கைத்துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டுதான் சண்டைக்கு வருகிறார். 1543இல் போர்த்துக்கேயரோடு தனேகஷிமாத் தீவில் வந்திறங்கிய துப்பாக்கியை அவர் இழிவாக எண்ணவில்லை. வாளின் தூய்மை பற்றிய பெருமை அந்த ஞானியிடமே இல்லை.

*

இந்த விளையாட்டு எம்மைப் பற்றியதல்ல. அதை எமது கதையின் உருவகமாக்க நாம் விரும்பவில்லை. யப்பானியர்கள் தமது வரலாற்றின் வாள்களோடு நடத்துகிற உரையாடல் இது. ஆயினும் நாம் வெறுங்கையோடு இதன் முன் குந்துவதில்லை. மண்ணைக் காப்பதற்காக எதையும் செய்யலாம் என்று நம்பும் கெனிச்சிரோவை முழுக்க வெறுக்க எம்மால் முடிவதில்லை. அவன் காக்க நினைத்த மண் அவனுடைய வழிகளால் காப்பாற்றப்படவில்லை என்பதையும் பார்க்காமல் விட முடிவதில்லை. தந்தை சொல்லை மந்திரமாக மனனம் செய்து வளர்ந்தவர்கள் நாம். பிறகு தலைமையின் சொல் அந்த இடத்துக்கு வந்தது. அப்போது கேள்வி கேட்டவர்களுக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எமது பிள்ளைகள் பலர் இன்று வேறு மொழிகளில் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். வெளியே நின்று கேட்பவர்களுக்கு அது வெட்டும் கொத்தும் மட்டுமே. போரைக் கண்டு வந்தவர்கள் அந்த ஓசையைச் சகிக்காமலிருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர், கட்டளைக்குக் கீழ்ப்படிவதா என்ற கேள்வியின் முன்னால் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கவும் கூடும். அந்த யோசனையைப் பற்றி அவரோடு கதைப்பதற்கு எம்மிடம் அனுபவம் இருக்கிறது. கதைக்கிற பழக்கம்தான் இல்லை.

விளையாட்டின் முடிவுகளில் ஒன்றில், வேலை முடிந்த ஓநாய் பாழ்கோயிலுக்குத் திரும்பி, கிழவர் இருந்த இடத்தில் குந்தியிருந்து புத்தர் செதுக்கத் தொடங்குகிறான். வாள் பழகிய கை பிறகு என்ன செய்வது என்பதற்கு அங்கே கிடைக்கிற பதில் அவ்வளவுதான். அது போதுமான பதிலா என்பதில் எமக்கு உடன்பாடான கருத்து இல்லை. கெனிச்சிரோவைக் கடந்துபோன இளைய வாசகர்கள் யாராவது இதைப் பற்றி எழுதினால் மகிழ்ச்சியோடு வாசிப்போம்.